மறுக்க முடியாதவர்

எடை இல்லை, வாடை இல்லை. எலி கடிக்காது, மழைக்கு நனையாது, வருடக்கணக்கில் அடுக்கில் கிடந்தாலும் சாயம் போகாது. ஒருத்தருக்கு விற்ற பிறகும் நம் கையிலேயே இருக்கும். மறுநாள் இன்னொருத்தருக்கு விற்கலாம். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மூன்று தலைமுறையாகத் துணி விற்ற குடும்பம் எங்களுடையது. இப்படி ஒரு சரக்கை எங்கள் ஆட்கள் கனவில்கூடக் கண்டதில்லை. வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் செங்கோட்டுவேல். 'சின்னத்தொட்டில்' என்று ஓர் ஆன்லைன் கடை நடத்துகிறேன். கருவுற்ற நாளிலிருந்து குழந்தைக்கு மூன்று வயது முடியும்வரை என்னென்ன வேண்டுமோ எல்லாம் எங்களிடம் உண்டு. எங்கள் விசேஷம், குழந்தையின் பெயரைப் பூ வேலையில் பின்னிய தொட்டில் துணி. ஆர்டர் போடும்போதே பெயரையும் பிரசவத் தேதியையும் கேட்டு வாங்கிவிடுவோம். கணவனுக்கே சொல்லாத பெயரைக்கூட எங்கள் கடைக்குச் சொல்லிவிடுவார்கள் தாய்மார்கள். கடையிடம் என்ன ரகசியம்?

அன்று புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். குடோனில் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கை ரேணுகா உள்ளே வந்தாள். தலையில் பூ இருந்தது. எட்டு வருடமாக அவள் தலையில் நான் பூவைப் பார்த்ததில்லை.

"ஏனுங்ணா, நம்ம கடையில மூணு வயசுக்கு மேல துணி வராதாக்கும்?"

"வராது அம்மிணி. மூணு வயசுக்கு மேல பிள்ளைக அதுகளே போனை எடுத்து ஆர்டர் போட்டுக்குதுக. நம்ம தயவு எதுக்கு? ஏன், என்ன வேணும்?"

"எட்டு வயசுக்கு ஒரு கவுன். மாம்பழ மஞ்சள்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மத்தியானத்துக்குள்ள தெச்சுத் தந்துருவாங்கல்ல? சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு எனக்கு ரயிலு."

"ஆருக்கு அம்மிணி?"

"யாழிக்குங்ணா."

டேப்பை இழுத்தவன் வெட்டாமல் அப்படியே நின்றேன்.

யாழிசை. இருந்திருந்தால் இந்த ஆடிக்கு எட்டு வயது. எட்டாம் மாதத்தில், மூச்சில்லாமல் பிறந்த குழந்தை. ரேணுகா மயக்கத்தில் கிடந்தாள். துணி சுற்றிய பொட்டலத்தை ஆஸ்பத்திரியில் என் கையில்தான் கொடுத்தார்கள். நானும் அவள் கணவரும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். மூன்றாம் வருடம் அந்த மனிதர் ஓசூர்ப் பக்கம் வேறொரு வாழ்க்கை தேடிக்கொண்டு போய்விட்டார். ரேணுகா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தனியாக ஒரு பிளாட்டில் இருக்கிறாள். அந்தப் பெயரை எட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

போனை நீட்டினாள். படித்தேன்.

'அம்மா, நான் யாழி. போன தடவை நீ அனுப்பிய செருப்பு இப்போது கடிக்கிறது. இந்த வாரம் ஹாஸ்டலில் எல்லோருக்கும் வீட்டிலிருந்து ஆள் வருகிறார்கள். உனக்கு யார் வருவார்கள் என்று வார்டன் அக்கா கேட்டார்கள். அம்மா வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லலாம்தானே? வரும்போது தலையில் பூ வைத்துக்கொண்டு வா. அப்போதுதான் எனக்கு உன்னை அடையாளம் தெரியும்.'

அதற்குக் கீழே வேதாரண்யம் பக்கத்தில் ஓர் உப்பளத்து ஊரின் பெயர். அதற்கும் கீழே நீல நிறத்தில், டிக்கெட் எடுக்க ஒரு பொத்தான்.

"எத்தனை நாளா வருது இது?"

"ரெண்டு வருசமாங்ணா. அதுக்கு முன்னாடியெல்லாம் வெறும் விளம்பரம்தான். யாழிசைக்கு ஒரு வயசு, நடைவண்டி வாங்குங்க. யாழிசைக்கு நாலு வயசு, சிலேட்டு வாங்குங்க. நான் ஒண்ணையும் அழிக்கலை. எல்லாத்தையும் தெறந்து பாப்பேன். பொறகு ஒரு நாளு அவளே எழுத ஆரம்பிச்சுட்டா."

"அம்மிணி, இது மிஷின் எழுதறது."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவள் கோபப்படவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்பவள் போல ஒவ்வொரு படியாகச் சொன்னாள். "யாழிசைங்கற பேரு ஆருக்குத் தெரியும்? அவங்கப்பாவுக்கே நான் சொல்லலை. பொறந்த பொறவு சொல்லலாம்னு வெச்சிருந்தேன். ஒரே ஒரு எடத்துல சொன்னேன், தொட்டில் துணியில பின்றதுக்கு. உங்க கடையில. அந்தத் துணியை ஆஸ்பத்திரிப் பையில வெச்சிருந்தேன். அது திரும்பி வரவே இல்லை. அப்ப, பேரு வெளிய போக ரெண்டே வழிதான். ஒண்ணு, உங்க கடையிலிருந்து போயிருக்கோணும். இல்லாட்டி, பிள்ளையை மாத்தி எடுத்துட்டுப் போனவங்க அந்தத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிருக்கோணும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்க கடையிலிருந்து போயிருக்குமாங்ணா?"

'வித்துப்போட்டேன் அம்மிணி.' இரண்டே வார்த்தை. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். முப்பது வருடமாகப் பேசிப் பிழைக்கிறவன் நான். நனைந்த துணியைக் காய்ந்த துணி என்று சத்தியம் செய்து விற்ற வாய் இது. அந்த இரண்டு வார்த்தைக்குத் திறக்கவில்லை.

"நம்ம கடையிலிருந்து எப்படிப் போகும்?" என்றேன்.

"அதான்," என்றாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "அப்ப ரெண்டாவதுதான். நீங்க பொதைச்சீங்களே, மொகத்தைப் பாத்தீங்களா?"

"பாக்கலை அம்மிணி. துணி சுத்தித்தான் கொடுத்தாங்க."

பட்டியலை விற்றவன் நான், கடிதம் எப்படி வருகிறது என்று தெரிந்தவன் நான். எனக்கே ஒரு நொடி, அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று சந்தேகம் வந்தது. அவள் இரண்டு வருடமாக அந்தச் சந்தேகத்தில் குடியிருக்கிறாள்.

"கவுனை மறந்துராதீங்ணா," என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போனாள்.

*

தாராபுரத்தில் ஓர் அம்மாள். மகன் பைக்கில் போய் இறந்து நாலு வருடம். போன மாதம் அவனிடமிருந்து மெயில் வந்தது. 'அம்மா, நான் இங்கே ஒரு கம்பெனியில் இருக்கிறேன், பயந்துகொண்டு சொல்லவில்லை' என்று. அந்த அம்மாள் டிக்கெட் எடுத்துப் போனார். இறங்கிய ஊரில் அப்படி ஒரு கம்பெனி இல்லை. தேடினார். மூன்று நாள் தேடினார். நாலாம் நாள் உப்பளத்துப் பாத்தி ஒன்றில் உடலைக் கண்டெடுத்தார்கள். சந்தையில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் கொட்டினேன். அப்போது என் நாக்கில் ஒரு கசப்பும் தட்டவில்லை.

சைபர் குற்றத்துக்கான எண்ணைக் கூப்பிட்டேன். புகார் எண் பதினாறு இலக்கத்தில் வந்தது. பதினைந்து வேலை நாளில் தொடர்புகொள்வார்களாம். ரயில் அஞ்சே முக்காலுக்கு.

வேறு வழியில்லை. வாங்கினவனிடமே போகவேண்டியதுதான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் பட்டியலை வாங்கினவர் தண்டபாணி. மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், அல்வாக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு. முகவரி வியாபாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அறங்காவலர் என்றுதான் நினைப்பார்கள். அன்று நாற்பதாயிரம் பெயருக்குப் பேரம் முடிந்து எழுந்தபோது, "என்ன தம்பி, கொசுறு ஒண்ணும் கெடையாதா?" என்று சிரித்தார்.

கொசுறு கேட்டால் இல்லை என்று சொல்லும் கடைக்காரன் எங்கள் பக்கத்தில் இல்லை. கால் கிலோ வெண்டைக்காய்க்கு ஒரு கொத்து கறிவேப்பிலை போடுகிறோம். நாற்பதாயிரத்துக்கு ஒன்றுமே போடாவிட்டால் மரியாதையா? பட்டியலுக்கு வெளியே என்னிடம் இருந்தவை சொந்தக்காரர்களுக்குச் சலுகையில் கொடுத்த ஆர்டர்கள். பதினொரு பெயர். என் கைக்காசு ஒன்றும் போகவில்லையே என்று தட்டிவிட்டேன். சித்தி மகள், மச்சினிச்சி, பெரியப்பா பேரன். ஏழாவது பெயர் ரேணுகா. குழந்தை போய் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வரியில் பிரசவத் தேதி இருந்தது, பெயர் இருந்தது. குழந்தை இல்லை என்ற செய்தி மட்டும் இல்லை. எந்தக் கடையில் அதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்?

*

"வாங்க வாங்க வேலுத் தம்பி. டீயா, மோரா?"

"ஒண்ணும் வேண்டாமுங். என்ற தங்கச்சி பேரைப் பட்டியல்லிருந்து எடுக்கோணும். இப்பவே."

"போனை அந்த டப்பாவுல போட்டுட்டு வாங்க," என்றார். வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அவருடைய போனும் அதற்குள்தான் கிடந்தது. போட்டு மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

திரையைத் திருப்பினார். ரேணுகாவின் வரி. பெயர், முகவரி, வாங்கியவை. 'அனுப்பியது 2,114, திறந்தது 2,114.' தண்டபாணி அதைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டினார், நல்ல மாட்டைப் பார்த்தவர் மாதிரி.

"கொசுறாத்தானே குடுத்தீங்க? நாப்பதாயிரத்துலயும் இந்த மாதிரி ஒண்ணு கெடையாது தம்பி. அனுப்புனது அத்தனையும் தெறந்திருக்காங்க. எத்தனை கை மாறியிருக்குது தெரியுமா இது?"

கடைசிக் கட்டத்தின் தலைப்பைக் காட்டினார். 'மறுக்க முடியாதவர்' என்று இருந்தது. அதன் கீழே: 'யாழிசை, மகள்.'

"இது எப்ப வந்துச்சு?"

"மூணு வருசமாச்சு. இப்பெல்லாம் வெலை இந்தக் கட்டத்துக்குத்தான். முகவரி ஆருக்கு வேணும்? ஒவ்வொரு ஆளுக்கும் ஒருத்தர் இருப்பாங்க தம்பி, அவங்க கேட்டா இல்லைன்னு சொல்ல வராது. சில பேருக்கு அம்மா. சில பேருக்கு மேனேஜரு. போன வாரம் ஒரு பெரிய மில் ஓனரு, அறுவத்தஞ்சு வயசு, அவருக்கு ஆரு தெரியுங்களா? அஞ்சாங்கிளாஸ் டீச்சரம்மா. என்ன வாங்கறாங்க, எந்தப் பேரைப் பாத்தா எத்தனை நொடி நிக்கறாங்கன்னு பாத்து மிஷினே கண்டுபிடிச்சுக்கும். பொறகு அவங்க மாதிரியே எழுதும்."

"பொய் எழுதுது."

"அதுக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. தெறக்க வெக்கிறது எதுவோ அதை எழுதும். நாளைக்கு மெய்தான் தெறக்க வெக்கும்னா மெய்யவே எழுதிப்போட்டுப் போகும். அதுக்கு வெக்கமா, மானமா?"

"அந்த உப்பளத்துல என்ன இருக்குதுங்? எதுக்கு என்ற தங்கச்சியை அங்க கூப்பிடுது?"

"ஒண்ணுமே இல்லை. டிக்கெட் விக்கிற கம்பெனி ஒண்ணு இந்த வாரம் அந்த ரூட்டுல சீட்டு காலியாக் கெடக்குதுன்னுச்சு. மிஷின் சீட்டை நெரப்புது. அங்க பிள்ளை இருக்குதா இல்லையாங்கிறது டிக்கெட் விக்கிறவனுக்கு எதுக்கு?"

"தாராபுரத்தம்மா செத்துப்போனாங்க."

"கேள்விப்பட்டேன். பாவம்." கண்ணை மூடி நிஜமாகவே ஒரு நொடி கைகூப்பினார். "ஆனா டிக்கெட்டு நல்ல டிக்கெட்டுத்தானுங்க. ஏசி கோச்சு."

எனக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. பிடித்தால் என்ன ஆகும்? நான் விற்காமல் அவர் வாங்கவில்லை.

"அடிச்சு விடுங்க அவ பேரை," என்றேன்.

"எங்கிருந்து அடிக்க? முப்பது தேசத்துல காப்பி இருக்குது. வித்த துணியைத் திரும்ப வாங்குவீங்களா உங்க கடையில? ஒரு வழி இருக்குது. இறந்துட்டாங்கன்னு ஒரு குறி போட்டா எல்லாக் காப்பியிலயும் மெயில் நின்னுரும். ஆனா பேங்கு, ஆஸ்பத்திரி, இஸ்கூலு, கரண்டு ஆபீசு எல்லாருமே இப்ப இந்தக் குறியைத்தான் பாக்கறாங்க. நாளைக்குக் காலையில சம்பளம் நிக்கும், லைட்டு அணையும். நான் உசுரோட இருக்கறேன்னு ரெண்டு வருசம் அந்தப் புள்ளை ஆபீஸ் ஆபீஸா அலையோணும். பாத்திருக்கறேன். அதுல பாதிப் பேரு நெசமாவே போயிச் சேந்துருவாங்க."

"வேற?"

"கடைசிக் கட்டத்தை மாத்தலாம். மாத்துனா எல்லாக் காப்பியிலயும் மாறும். ஆனா காலியா விட முடியாது. ஆரோ ஒருத்தர் பேரு இருக்கோணும். உசுரோட இருக்கற ஆளா இருந்தா அவங்க கைநாட்டும் வேணும்."

நான் யோசிக்கவே இல்லை. "என்ற பேரைப் போடுங்க."

தண்டபாணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க கேட்டா அந்தப் புள்ளை இல்லைங்காதா?"

"அப்பா போன பொறவு அவளுக்கு எல்லாம் நான்தானுங்."

"சரி. எனக்கு?"

அதுதான் தண்டபாணி. தோள் துண்டை எடுத்து எங்கள் இருவர் கைக்கும் மேல் போட்டார். சந்தையில் மாட்டுக்கும் ஜவுளிக்கும் இப்படித்தான் விலை பேசுவோம்; துண்டுக்குள் விரலைப் பிடித்தால் வெளியே யாருக்கும் தெரியாது. வாய்விட்டு எண்ணைச் சொன்னால் எங்காவது போய் விழுந்து, தன் பெயருக்கே ஒரு கட்டம் முளைத்துவிடும் என்று அவருக்குப் பயம். மற்றவர்கள் கதவையெல்லாம் திறந்துவிட்ட மனிதர், தன் கதவைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஐம்பதாயிரம் பெயர்; விரலுக்குப் பத்தாயிரம். போன இரண்டு வருடத்தில் எங்கள் கடையில் பதிந்த தாய்மார்கள் அத்தனை பேரும். ரேணுகாவுக்குப் பிறகு நான் பட்டியல் விற்றதில்லை. காரணம் நல்ல மனசு என்று நினைக்கவேண்டாம். முகவரி விற்றால் தண்டனை என்று சட்டம் வந்துவிட்டது.

நான் அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன். அவர் நாலைப் பிடித்தார். நான் மறுபடி ஒன்று. மூன்று. நான் கையை உருவப் பார்த்தேன், அவர் விடவில்லை. கடைசியில் இரண்டில் நின்றது. அழுத்திப் பிடித்து, ஒரு குலுக்கு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்தில் தொடங்கியவரை இரண்டில் நிறுத்தியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல வியாபாரம் முடித்த நாளில் வயிற்றில் வருமே, அதே இளஞ்சூடு. அதன்பிறகுதான் அந்த இரண்டு விரல் இருபதாயிரம் பெண்கள் என்பது உறைத்தது. இருபதாயிரம் வயிறு. அவற்றில் எத்தனை தொட்டில் காலியாகும் என்று எந்தக் கட்டத்திலும் இல்லை.

"கொசுறு?" என்றார் தண்டபாணி, பழக்கதோஷத்தில்.

"இந்தத் தடவை கெடையாதுங்."

பெருவிரலை ரேகை பதியும் கண்ணாடியில் வைத்தேன். 'யாழிசை, மகள்' என்று இருந்த இடம் ஒரு முறை மங்கியது. 'செங்கோட்டுவேல், அண்ணன்' என்று வந்து நின்றது. என் பெயரை எத்தனையோ போர்டுகளில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பயந்தது அன்றுதான்.

"சீக்கிரம் தங்கச்சிகிட்டப் போயிச் சேருங்க தம்பி," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

*

மணி மூன்று பத்து. ஸ்கூட்டரில் போனால் இருபது நிமிடம்.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். என் பெயரில் எந்த மெயில் வந்தாலும் நம்பாதே, நேரில் நான் சொன்னால்தான் நான். இது முதலில். பிறகு யாழிசை. பெயர் எப்படி வெளியே போனது என்பதற்கு ஒரு பதில் வேண்டும். விற்றேன் என்று சொல்லலாம். சிக்னலில் நிற்கும்போது அது முடியும் போலிருந்தது. பச்சை விழுந்ததும் முடியாது போலிருந்தது. கடைசியில், "நம்ம கம்பியூட்டர்ல ஆரோ திருடிப்போட்டாங்க அம்மிணி" என்று முடிவு செய்தேன். திருட்டு என்றால் நானும் பாதிக்கப்பட்டவன். அவளும் என்மேல் பரிதாபப்படுவாள். இவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி, எந்த விலைக்குக் குறைத்து முடிக்கலாம் என்றே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பிளாட்டின் கதவு திறந்திருந்தது.

கட்டில்மேல் பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. புடவைகளை மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் பூ இல்லை. கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் முகம், மழை பெய்து ஓய்ந்த தெரு மாதிரி இருந்தது.

"வாங்ணா. மூணரைக்கு வந்துருவேன்னு எழுதியிருந்தீங்க. சொன்னபடி வந்துட்டீங்க."

என் கால் வாசற்படியிலேயே நின்றது.

"ரயிலு?" என்றேன்.

"போகலீங்ணா. அதான் நீங்க எல்லாத்தையும் எழுதிட்டீங்களே." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "எட்டு வருசம் கழிச்சு ஒரு லெட்டரு. என்னங்ணா, நேர்ல சொல்ல முடியலையா? காலையில குடோன்ல உங்க மொகம் போன போக்கைப் பாத்தே எனக்கு என்னமோன்னு இருந்துச்சு."

போனை எடுத்து, நான் எழுதாத என் கடிதத்தை எனக்கே படித்துக் காட்டினாள்.

'அம்மிணி, உன்னை விற்றது நான்தான். கொசுறு கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். நீ என் தங்கை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பட்டியலில் ஒரு வரியாகத்தான் தெரிந்தாய். அந்தப் பெயர் நம் கடையிலிருந்துதான் போனது. காலையில் நீ கேட்டபோது பொய் சொன்னேன். இன்னொரு பொய்யும் சொன்னேன். நான் அவள் முகத்தைப் பார்த்தேன் அம்மிணி. அடக்கம் செய்வதற்கு முன்னால் துணியை விலக்கிப் பார்த்தேன். உன் நெற்றி. அச்சு அசலாக உன் நெற்றி. உனக்கு வலிக்குமே என்றுதான் இத்தனை வருடம் சொல்லவில்லை. யாழி எங்கேயும் இல்லை. ரயில் ஏறாதே.'

என் குரல்தான். என் வாக்கியங்கள்தான். நான் எட்டு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததை எனக்கு முன்னால் ஒன்று வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. காலையில் குடோனில் பேசியதை அவள் கையிலிருந்த போன் கேட்டுக்கொண்டிருந்தது என்பதும், கொசுறு என்பது பட்டியலில் அவள் வரியிலேயே பதிந்திருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முகம் பார்த்தது மட்டும் பொய். நான் பார்க்கவில்லை.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெசமாவே என்ற நெத்திங்களாங்ணா?"

அது நான் எழுதியது இல்லை என்று சொல்லலாம். மிஷின் எழுதியது, என் பெயரில் வந்தால் எதையும் நம்பாதே என்று சொல்லத்தான் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு வந்தேன். சொன்னால் என்ன ஆகும்? இந்தக் கடிதம் பொய்யென்றால் அந்த நெற்றி பொய். நெற்றி பொய்யென்றால் பொட்டலத்தில் இருந்தது யாழி இல்லை. பொட்டலத்தில் இருந்தது யாழி இல்லையென்றால் அவள் உப்பளத்துப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில், கடிக்கிற செருப்போடு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணக்கு டீச்சருக்கு இந்தப் படிகளை ஏறி இறங்க ஒரு நிமிடம் போதும். பெட்டி இன்னும் கட்டில்மேல்தான் இருந்தது. மணி மூன்று முப்பத்தைந்து.

"ஆமா அம்மிணி," என்றேன். "உன்ற நெத்திதான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். சத்தமாக, வாய்விட்டு. குழந்தை போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையில் கைவைத்தேன்.

"உங்க மேல கோவம் வந்துச்சுங்ணா," என்றாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஏன், இப்பவும் இருக்குது. கொசுறாப் போட்டீங்களா என்னைய? கறிவேப்பிலையாட்டம்? ஆனா அதை உள்ளபடியே எழுதினீங்க பாருங்க, அதுல பாதி போயிருச்சு. திருட்டுப்போச்சு, அது இதுன்னு ஏதாச்சும் கதை உட்டிருந்தீங்கன்னா, இந்த ஜென்மத்துல உங்க வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன்."

கட்டிலில் திறந்து கிடந்த பெட்டியை மூடி வைத்தேன்.

"டீ வெக்கட்டுங்களா?"

"வெய்யி."

சமையலறை வாசல்வரை போனவள் திரும்பினாள். ஏதோ நினைவு வந்தவள் போல, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்புறங்ணா, லெட்டர் கடைசியில நீங்க கேட்டிருந்தீங்களே... அதையும் அப்பவே பண்ணிப்போட்டேன். சித்த நேரங்கூட யோசிக்கலை. இத்தனை வருசத்துல என்கிட்ட நீங்க ஒண்ணுமே கேட்டதில்லையே."

"என்ன..." என்று தொடங்கிய வாயை மூடிக்கொண்டேன்.

"தெரியுங்ணா, தெரியும். ஆருகிட்டயும் சொல்லக்கூடாது, நேர்ல உங்ககிட்டயே அந்தப் பேச்சை எடுக்கக்கூடாதுன்னு எழுதியிருந்தீங்க. எடுக்கலை. பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லிக்கறேன்." அவள் முகத்தில் சின்னப் பிள்ளையின் பெருமை இருந்தது. "நான் பண்ணினது சரிதானுங்களே?"

போன் கட்டில்மேல், பெட்டிக்குப் பக்கத்தில், திரை கீழே கவிழ்ந்து கிடந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியவனுக்குத் தான் எழுதியதை எடுத்துப் பார்க்கவேண்டிய அவசியம் என்ன?

சரக்கு என்ன, அளவு என்ன, போய்ச் சேருகிற இடம் எது என்று தெரியாமல் வாழ்நாளில் நான் எதற்கும் தலையாட்டியதில்லை.

"சரிதான் அம்மிணி," என்றேன்.